ஃபோட்டானுக்கு ஒரு வர்க்கமூலச் சாட்சி

பிளஸ் டூ இயற்பியலில் ஒளிமின் விளைவு (வெளிச்சம் பட்டால் உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளிவருவது) பாடம் முடிகிற இடத்தில், வார்த்தைகள் முன்னே பின்னே இருந்தாலும், ஒரு முடிவு வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒளி ஆற்றல் பொட்டலங்களாக வருகிறது, அந்தப் பொட்டலம்தான் ஃபோட்டான், இந்தச் சோதனையே அதற்கு நிரூபணம். இந்த முடிவைத் தாங்க இந்தச் சோதனை போதுமா என்பது எனக்கு ரொம்ப நாளாகவே உறுத்தல். அக்கா மகள் அதே பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டாள். "மாமா, எலக்ட்ரான் குவாண்டம் விதிப்படி நடக்குது, சரி. அப்ப அந்தக் கணக்கெல்லாம் எலக்ட்ரான் பக்கமே இருக்கட்டுமே. வெளிச்சம் பாட்டுக்கு அலையாவே இருந்துட்டுப் போகட்டும், என்ன கெட்டுப்போச்சு?" பரீட்சையில் புத்தகத்தில் இருப்பதையே எழுது, மார்க் போய்விடும் என்று சொன்னேன். கேள்வி சரியான கேள்வி என்றும் சொன்னேன். அதற்குமேல் என்ன சொல்வது என்பதுதான் இந்தப் பதிவு.

அது சரியான கேள்வி என்பது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்லை. 1960களின் கடைசியில் வில்லிஸ் லாம்ப், மார்லன் ஸ்கல்லி இருவரும் ஃபோட்டானே இல்லாமல் ஒளிமின் விளைவை விளக்கிக் காட்டினார்கள். லாம்ப் ஏதோ ஓரத்தில் நின்று முணுமுணுத்த ஆள் இல்லை; ஹைட்ரஜன் அணுவின் ஆற்றல் மட்டங்களில் இருக்கும் மிகச் சின்ன விலகலை அளந்து 1955ல் நோபல் வாங்கியவர். அவர்கள் கணக்கில் எலக்ட்ரான் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டின்படி நடக்கும், ஒளியோ மேக்ஸ்வெல் காலத்துப் பழைய அலைதான். அந்த அலை எலக்ட்ரானை ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஆட்டுகிறது. குவாண்டம் விதிப்படி, அப்படி ஆட்டப்படும் எலக்ட்ரான் பிளாங்க் மாறிலியை அந்த அதிர்வெண்ணால் பெருக்கிய அளவு ஆற்றலைத்தான் எடுத்துக்கொள்ளும். உலோகத்திலிருந்து விடுபடச் செலவாகும் வெளியேற்று ஆற்றல் போக மிச்சம் இயக்க ஆற்றல். எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே எலக்ட்ரானே வராதோ அந்தப் பயன்தொடக்க அதிர்வெண் தானாக வந்துவிடுகிறது, செறிவைக் கூட்டினால் எலக்ட்ரான்களின் எண்ணிக்கைதான் கூடும் என்பதும் வந்துவிடுகிறது, வெளிச்சம் பட்ட கணத்திலிருந்தே எலக்ட்ரான் வெளிவரலாம் என்பதும்கூட. ஒரு ஓட்டை உண்டு: அவ்வளவு ஆற்றலை அலை இன்னும் கொண்டுவந்து சேர்க்காத நிலையிலேயே ஓர் எலக்ட்ரான் வெளியேறிவிட முடியும், ஆற்றல் கணக்கு சராசரியில்தான் நேராகும். சின்ன ஓட்டை இல்லை அது. ஆனால் பாடப்புத்தகம் அந்த ஓட்டையைக் காட்டி ஃபோட்டானை நிரூபிக்கவில்லையே, ஓட்டை இல்லாத மற்ற மூன்றையும் காட்டித்தானே நிரூபிக்கிறது?

அப்படியென்றால் ஒளியையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித்தான் ஆகவேண்டும், தப்பிக்க வழியில்லை என்று நம்மைக் கட்டாயப்படுத்தும் இடம் எது? ஒரே ஓர் அணு விடும் ஒளியில் இரண்டு ஃபோட்டான்கள் ஒட்டி ஒட்டி வருவதில்லை என்று 1977ல் கிம்பிள், டாஜனே, மாண்டல் மூவரும் காட்டியதைச் சிலர் சொல்வார்கள். நல்ல சாட்சிதான். எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. அதன் பின்னணியில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது.

நம்பாதவர் எழுதிய சமன்பாடு

எட்வின் ஜேன்ஸ் என்ற பெயர் நிகழ்தகவு, என்ட்ரோபி பக்கம் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். அதே ஆள்தான். ஒளிப்புலத்தைக் குவாண்டமாக்க வேண்டிய அவசியம் உண்மையிலேயே இருக்கிறதா என்ற சந்தேகம் அவரை ரொம்ப காலம் விடவில்லை. அவரும் அவர் மாணவர் ஃபிரெட் கம்மிங்ஸும் 1963ல் ஐ.இ.இ.இ. இதழில், அதாவது மின்பொறியாளர்கள் படிக்கிற இதழில், ஒரு கட்டுரை போட்டார்கள். அம்மோனியா மூலக்கூறுகள் ஓடும் மேசர் கருவியை (லேசர் மாதிரிதான், ஆனால் நுண்ணலையில்) எடுத்துக்கொண்டு, முழுக் குவாண்டம் கணக்கு என்ன சொல்கிறது, ஒளியை அலையாகவே விட்டுவிட்டுச் செய்யும் கணக்கு என்ன சொல்கிறது, இரண்டும் எங்கே பிரிகின்றன என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் நோக்கம். ஒப்பிடுவதற்கு முழுக் குவாண்டம் பக்கத்தில், கையால் தீர்க்கக்கூடிய ஒரு மாதிரி வேண்டுமே, அதற்காகச் செய்துகொண்டதுதான் இன்று ஜேன்ஸ்-கம்மிங்ஸ் மாதிரி என்று வகுப்பறைகளில் எழுதப்படுவது. அதே 1963ல் கிழக்கு ஜெர்மனியில் ஹாரி பால் என்பவரும் தனியாக இதைச் செய்திருக்கிறார். ஜெர்மன்காரர்கள் சிலர் மறக்காமல் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள், மற்றவர்கள் சேர்ப்பதில்லை.

ஜேன்ஸ் பிறகும் விடவில்லை. லாம்ப் அளந்த விலகலைக்கூடப் புலத்தைக் குவாண்டமாக்காமல் கணக்கிட்டுவிடலாம் என்று 1966ல் இயற்பியலாளர் பீட்டர் ஃபிராங்கனோடு பந்தயமே கட்டினார், பந்தயப் பணம் லாம்ப் பொறுப்பில். 1970களில் வந்த சோதனைகள் ஒவ்வொன்றாக ஒளியை அலையாகவே வைத்துக்கொள்ளும் ஜேன்ஸின் புதுச் செவ்வியல் கோட்பாட்டுக்கு எதிராகப் போயின. ஆனால் எனக்கு அந்தப் பந்தயத்தைவிட 1963 கட்டுரைதான் முக்கியமாகப் படுகிறது. தன் கட்சிக்கு எதிரான சாட்சியை வேறு யாரும் அவ்வளவு எளிமையாக, அவ்வளவு சுத்தமாக எழுதிவைத்திருக்க முடியாது. எதிர்த்தரப்பின் வாதத்தை எதிர்த்தரப்பைவிடத் தெளிவாக எழுதக்கூடியவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

அந்த மாதிரியில் மூன்றே உறுப்புகள். இரண்டு ஆற்றல் மட்டங்கள் மட்டும் உள்ள ஓர் அணு, ஒரே ஓர் அதிர்வெண்ணில் மட்டும் ஒளியைத் தங்கவைக்கும் ஒரு பெட்டி, இரண்டையும் பிணைக்கும் ஓர் உறுப்பு. இந்தப் பிணைப்பில் நான்கு நிகழ்வுகள் ஒளிந்திருக்கின்றன. அணு மேலே போகும், ஒரு ஃபோட்டான் குறையும். அணு கீழே வரும், ஒரு ஃபோட்டான் கூடும். இவை இரண்டும் நியாயமானவை. அணுவும் மேலே போய் ஃபோட்டானும் கூடுவது, அணுவும் கீழே வந்து ஃபோட்டானும் குறைவது என்று இன்னும் இரண்டு உண்டு. பிணைப்பு பலவீனமாக இருந்தால் இவற்றின் பங்கு மிக வேகமாகக் கூடிக் குறைந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், வெட்டிவிடலாம். வெட்டியதும் ஒரு நல்ல காரியம் நடக்கிறது. அணுவின் கிளர்ச்சியையும் ஃபோட்டான் எண்ணிக்கையையும் கூட்டினால் வரும் தொகை மாறவே மாறாது. முடிவில்லாத அணி (மேட்ரிக்ஸ்) ஒன்று இரண்டுக்கு இரண்டு அணிகளாகத் துண்டு துண்டாக உடைந்துவிடுகிறது, ஒவ்வொரு துண்டும் ஓர் இருபடிச் சமன்பாடு. அவ்வளவுதான் தீர்வு.

விடை என்ன? கிளர்ந்த நிலையில், அதாவது மேல் மட்டத்தில், உள்ள அணுவைப் பெட்டிக்குள் விட்டால் அது மேலும் கீழும் ஊசலாடும். இந்த ஊசலாட்டம் புதிதில்லை, காந்தப்புலத்தில் சுழலும் அணுக்கருக்களுக்கு இசிடோர் ராபி 1930களிலேயே கணக்குப் போட்டுவிட்டார். புலம் வெறும் அலை என்றால் ஊசல் வேகம் அலையின் வீச்சுக்கு நேர்விகிதத்தில் இருக்கும், வீச்சை எவ்வளவு வேண்டுமானாலும் நுணுக்கமாகக் கூட்டலாம், வேகமும் வழுக்கிக்கொண்டே கூடும். குவாண்டம் விடையில் வேகம், உள்ளே இருக்கும் ஃபோட்டான் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் வருவது. காலிப் பெட்டி என்றால் 1. ஒரு ஃபோட்டான் இருந்தால் √2. அப்புறம் √3, அப்புறம் 2. நடுவில் எதுவும் கிடையாது.

அந்த "ஒன்றைக் கூட்டி" என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். பெட்டியில் ஒளியே இல்லாதபோதும் வேகம் பூஜ்யம் ஆகவில்லை. அலை இல்லை என்றால் பழைய கணக்கில் அணுவை ஆட்டுவதற்கு ஆளே இல்லை, மேலே வைத்த அணு மேலேயே நின்றுகொண்டிருக்கும்.

47, 66, 81, 94

பாரிஸில் செர்ஜ் அரோஷ், மிஷேல் ப்ருன், ஜான்-மிஷேல் ரேமோன் ஆகியோரின் குழு 1996ல் வெளியிட்ட ஒரு படம்தான் என் உறுத்தலைத் தீர்த்த இடம். முதலில் கருவியைச் சொல்லிவிடுகிறேன். அணு ரூபிடியம். ஆனால் அதன் வெளி எலக்ட்ரானை 50, 51 என்று எண்ணிடப்பட்ட மட்டங்கள் வரைக்கும் ஏற்றி, கிட்டத்தட்ட வட்டப் பாதையில் ஓடவிட்டிருக்கிறார்கள். அந்தப் பாதையின் ஆரம் சுமார் 130 நானோமீட்டர், சாதாரண அணுவைப்போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. இவ்வளவு பெரிய அணு ஒரு சின்ன மின்புலத்துக்கும் பலமாக அசையும். அந்த இரண்டு மட்டங்களுக்கும் இடையே உள்ள அதிர்வெண் சுமார் 51 கிகாஹெர்ட்ஸ், ஆக இங்கே ஒளி என்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணலை, அலைநீளம் 6 மில்லிமீட்டர் அளவு. பெட்டி என்பது எதிரெதிரே வைத்த இரண்டு நயோபியம் ஆடிகள், மீகடத்தியாக, அதாவது மின்தடையே இல்லாமல், இருக்கும்படி ஒரு கெல்வினுக்கும் கீழே குளிர்வித்தவை. உள்ளே வந்த ஃபோட்டான் தப்பிக்கச் சராசரியாக 220 மைக்ரோ நொடி ஆகும். (பத்து வருஷம் கழித்து அதே குழு அதை 130 மில்லி நொடிக்குக் கொண்டுபோனது. அந்த நேரத்தில் ஒளி கிட்டத்தட்ட பூமியைச் சுற்றி வரும் தூரம் போயிருக்கும், மூன்று சென்டிமீட்டர்கூட இல்லாத இடைவெளிக்குள்ளேயே.) அணு எந்த வேகத்தில் கடக்கிறது என்பதைத் தேர்ந்தெடுத்தால் உள்ளே எவ்வளவு நேரம் இருந்தது என்பது தெரியும், வெளியே வந்ததும் மேல் மட்டமா கீழ் மட்டமா என்று பார்க்கலாம். ஒளியை யாரும் நேராகப் பார்ப்பதில்லை, அணுவைத்தான் விசாரிக்கிறார்கள்.

காலிப் பெட்டிக்குள் கிளர்ந்த அணுவை விட்டபோது அது 47 கிலோஹெர்ட்ஸில் ஊசலாடியது. ஃபோட்டானைப் பெட்டியிடம் கொடுத்து, திரும்ப வாங்கி, மறுபடி கொடுத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் சுமார் 21 மைக்ரோ நொடி. இதுவே பழைய கணக்குக்குப் பெரிய சங்கடம். ஆனால் எனக்கு முக்கியம் அடுத்தது. வெளியிலிருந்து, சாதாரண நுண்ணலை மூலம் ஒன்றிலிருந்து, மிக மிக மெலிதாக ஒளியை உள்ளே விட்டார்கள். சராசரி ஃபோட்டான் எண்ணிக்கை 0.40, அப்புறம் 0.85, அப்புறம் 1.77. இந்த மூலத்தில் குவாண்டம் என்று சொல்ல எதுவும் இல்லை, அதன் குமிழைத் திருப்பி வீச்சை எவ்வளவு வேண்டுமானாலும் நுணுக்கமாக மாற்றிக்கொள்ளலாம். ஊசலாட்டத்தை ஃபூரியர் பகுப்பு செய்து அதில் என்னென்ன அதிர்வெண்கள் கலந்திருக்கின்றன என்று பிரித்துப் பார்த்தால், ஒளி வெறும் அலை என்றால் என்ன நடக்கவேண்டும்? ஒரே ஒரு சிகரம் இருக்கவேண்டும், ஒளியைக் கூட்டக் கூட்ட அது வலது பக்கம் நகர்ந்துகொண்டே போகவேண்டும்.

சிகரம் நகரவில்லை. 47, 66, 81, 94 என்று அதனதன் இடத்தில் நின்றன, உயரம் மட்டும் மாறியது. 1, √2, √3, 2 ஆகியவற்றை 47ஆல் பெருக்கினால் வரும் எண்கள்தான் அவை. ஒளி குறைவாக இருக்கும்போது முதல் சிகரம் ஓங்கியிருந்தது, கூட்டியபோது அது தாழ்ந்து அடுத்தவை எழுந்தன. உயரங்களை வைத்துப் பெட்டியில் எத்தனை ஃபோட்டான் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதையே படித்துவிடலாம். சராசரி 0.40 என்றால் பாய்சான் பரவல்படி (தற்செயலாக வந்துசேரும் எண்ணிக்கைகளுக்கான வாய்ப்புக் கணக்கு அது) 67 சதவீதம் காலி, 27 சதவீதம் ஒன்று. 1.77 என்றால் காலி 17 சதவீதம்தான், ஒன்று 30, இரண்டு 27, மூன்று 16. நாம் குமிழைத் தொடர்ச்சியாகத் திருப்புகிறோம், பதில் படிப்படியாகத்தான் வருகிறது. எலக்ட்ரான் பக்கம் எத்தனை குவாண்டம் விதியைக் குவித்தாலும் இந்தப் படிகள் வராது, ஏனென்றால் அணுவுக்கு இருப்பதே இரண்டு மட்டங்கள்தான், அவை ஒளியின் அளவைப் பொறுத்து மாறுவதுமில்லை. மாறிய ஒன்றே ஒன்று ஒளி. படி அதில்தான் இருக்கவேண்டும்.

அக்கா மகளுக்கு இந்தப் படத்தைக் காட்டினேன். "இத ஏன் புத்தகத்துல போடல?" என்றாள். என் பதில், √2ஐப் பார்த்துப் பயப்படும் வயது இல்லை பிளஸ் டூ, போட்டிருக்கலாம் என்பதுதான். ஐன்ஸ்டீன் ஒளிப் பொட்டலத்தைச் சொன்ன 1905லிருந்து 1996க்குத் தாவ நம் பாடத்திட்டத்துக்கு என்ன தயக்கமோ தெரியவில்லை.

செத்த ஊசல் எழுந்து வருவது

இதே வர்க்கமூலத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு, அழகில் இது ஒரு படி மேல் என்று சொல்வேன். பெட்டியில் நிறைய ஃபோட்டான்கள், எண்ணிக்கையில் கொஞ்சம் முன்பின் பரவலோடு இருந்தால், ஒவ்வொரு எண்ணிக்கையும் தன் வேகத்தில் அணுவை ஆட்டும். தொடக்கத்தில் எல்லாம் சேர்ந்து ஆடும், சீக்கிரமே கலைந்து ஊசலாட்டம் அடங்கிவிடும். கம்மிங்ஸ் இந்த அடங்கலை 1965லேயே கண்டுவிட்டார். அது பெரிய விஷயமில்லை, வீச்சில் சின்னச் சின்ன வித்தியாசம் கலந்த சாதாரண அலைக்கும் அடங்கத்தான் செய்யும். நேர அச்சை இன்னும் நீட்டிப் பார்த்தால், அடங்கிய ஊசல் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து மறுபடி எழுந்து வருகிறது. இது 1980ல் எபர்லி, நரோஷ்னி, சான்செஸ்-மாண்ட்ராகன் மூவரும் கண்டுபிடித்தது. 1987ல் ரெம்பே, வால்ட்டர், கிளைன் மூவரும் ஒற்றை அணு மேசர் ஒன்றில் சோதனையாகவே பார்த்துவிட்டார்கள்.

ஏன் எழுந்து வரவேண்டும்? கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின்போது மிருதங்கமும் கஞ்சிராவும் வேறு வேறு கணக்கில் பிரிந்து போய்க் கடைசியில் சமத்தில் வந்து சேர்வதைக் கேட்டிருப்பீர்கள். சேரமுடிவது, இரண்டு பேரும் முழு எண்களில் எண்ணுவதால்தான். எண்ணிக்கை தொடர்ச்சியாக வழுக்கிக்கொண்டு போகும் ஒன்றாக இருந்தால் பிரிந்தது பிரிந்ததுதான். பெட்டியில் ஃபோட்டான்கள் 20, 21, 22 என்று இருக்கின்றனவே தவிர 20.3 என்று இல்லை. அதனால்தான் அடுத்தடுத்த ஊசல்கள் மறுபடி ஒன்றுகூடும் நேரம் என்று ஒன்று இருக்கிறது. வேகங்கள் முழு எண்களாக இல்லாமல் அவற்றின் வர்க்கமூலங்களாக இருப்பதால் சமம் துல்லியமாக விழாது, கொஞ்சம் சிதறித்தான் விழும், ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சிதறும்.

இந்தக் கதையில் நம்மூர் ஆட்களும் இருக்கிறார்கள், யாரும் சொல்வதில்லை என்பதால் நான் சொல்லிவைக்கிறேன். காலிப் பெட்டியும் அணுவும் சேரும்போது அணுவின் உட்கவர்தல் கோடு, அதாவது அது உறிஞ்சும் அதிர்வெண்ணைக் காட்டும் கோடு, இரண்டாகப் பிளந்து தெரியும் என்று 1984ல் எழுதியவர்களில் ஒருவர் ஜி. எஸ். அகர்வால், அப்போது ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் இருந்தார். எந்த ஒளியை அலைகளின் கலவையாக எழுதிவிடலாம், எதை எழுதவே முடியாது என்று பிரித்துச் சொல்லும் கணிதம் 1963ல் வந்தது, அதில் அமெரிக்க இயற்பியலாளர் ராய் க்ளாவ்பருக்குச் சமமாக நிற்பவர் இ. சி. ஜி. சுதர்சன். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர், 1980களில் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். 2005 நோபல் க்ளாவ்பருக்குப் போனது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தனிப் பதிவாகிவிடும்.

வெட்டியதைத் திரும்பச் சேர்த்தால்

மேலே நான்கு நிகழ்வுகளில் இரண்டை வெட்டினோம் அல்லவா, அதற்கு உரிமை எங்கிருந்து வந்தது? பாரிஸ் சோதனையில் ஊசல் வேகம் 47 கிலோஹெர்ட்ஸ், ஒளியின் அதிர்வெண் 51 கிகாஹெர்ட்ஸ். ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒன்று. அவ்வளவு பலவீனமான பிணைப்பில் வெட்டியது யாருக்கும் தெரியாது. 2004ல் யேல் பல்கலைக்கழகத்தில் அணுவுக்குப் பதில் மீகடத்திச் சுற்று ஒன்றையும் பெட்டிக்குப் பதில் சில்லில் வரைந்த நுண்ணலைக் கம்பியையும் வைத்து இதே மாதிரியைச் செய்தார்கள், இன்று குவாண்டம் கணினி என்று செய்திகளில் வருபவற்றில் பல அந்த வழியில் வந்தவை. செயற்கை அணுவை நம் இஷ்டத்துக்குச் செய்யலாம் என்பதால் பிணைப்பையும் ஏற்றிக்கொண்டே போகலாம். 2010ல் மியூனிக் அருகே கார்ஹிங்கில் அது அதிர்வெண்ணில் 12 சதவீதத்தைத் தொட்டது. 2017ல் ஜப்பானில் அதிர்வெண்ணையே தாண்டிவிட்டது.

அங்கே வெட்டமுடியாது. வெட்டாத முழு மாதிரிக்கு ராபி மாதிரி என்று பெயர், அதற்குக் கச்சிதமான தீர்வு உண்டா என்ற கேள்வி 2011ல் டானியல் ப்ராக் எழுதும்வரை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. தீர்வு இருக்கிறது, ஆனால் இருபடிச் சமன்பாடு மாதிரி பளிச்சென்று இல்லை. தொகை மாறாது என்ற வசதி போய்விடுகிறது, ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பது மட்டும்தான் மாறாமல் மிஞ்சுகிறது. மிகக் குறைந்த ஆற்றல் நிலையிலேயே, அதாவது எதுவும் நடக்காத நிலையிலேயே, பெட்டியில் ஃபோட்டான்கள் இருக்கின்றன, ஆனால் அவை வெளியே வந்து எந்தக் கருவியிலும் விழாது. போதாததற்கு, அணுவுக்கு இரண்டு மட்டங்கள்தான் என்று நாம் வைத்துக்கொண்ட எளிமையும் ஆட்டம் காண்கிறது. நிஜ அணுவுக்கு மட்டங்கள் ஏராளம். மின்புலத்தை வைத்து எழுதினாலும் வெக்டர் பொட்டென்ஷியல் என்ற, காந்தப்புலத்தைத் தரும் கணித அளவை வைத்து எழுதினாலும் எல்லா மட்டங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரே விடைதான் வரும். இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டினால் இரண்டு வழியும் இரண்டு விடை தரும், பலமான பிணைப்பில் அந்த வித்தியாசம் பெரிதாகவே இருக்கும். 2018, 2019 வாக்கில் சில குழுக்கள் இதில் நன்றாகவே மோதிக்கொண்டன, எப்படி வெட்டினால் இரண்டும் ஒத்துப்போகும் என்று ஒரு வழியும் கிடைத்திருக்கிறது. எது அணு, எது ஒளி என்று நாம் போடும் கோடே எழுதும் முறையைப் பொறுத்து இடம் மாறும்போது, பெட்டியில் எத்தனை ஃபோட்டான் என்பதற்கும் ஒரே பதில் கிடையாது. பாரிஸ் படத்தில் சிகரங்கள் அவ்வளவு அசையாமல் நின்றதற்கு ஒளியின் படிகள் எவ்வளவு காரணமோ, அந்தப் பிணைப்பு பத்து லட்சத்தில் ஒன்றாக இருந்ததும் அவ்வளவு காரணம்.